அட்டையில் எழுதிய வயது

"பத்தொன்பது நடக்குதுங்க டாக்டரம்மா" என்றார் கர்ப்பிணிப் பெண்ணின் மாமியார். சத்தியமங்கலம் மலையில் உள்ள ஒரு சோளகர் பழங்குடி ஊரிலிருந்து ஜீப் பிடித்து இறங்கி வந்திருந்தார்கள். ஏழாம் மாதம். முதல் பரிசோதனையே அன்றைக்குத்தான். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், ரத்தமே இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 6.8. கர்ப்பிணிக்கு 11 வேண்டும். 7-க்குக் கீழே போனால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்ப முடியாது.

"எட்டாவது எப்பக் கண்ணு முடிச்சே?"

"போன வருசத்துக்கு முந்தின வருசமுங்க."

கணக்குப் போட்டால் பதினைந்து.

பத்தொன்பது என்பது யோசித்துச் சொன்ன வயதுதான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய்க்கு 19 நிறைந்திருக்க வேண்டும். அதைவிட, பதினெட்டுக்குக் கீழே என்றால் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வழக்கு வரும் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் ஏழு மாதம் காத்திருக்கிறார்கள்.

சோளகர் ஊர்களில் பையனும் பெண்ணும் விரும்பிப் போய்விட்டுத் திரும்பினால் தண்டம் போட்டு ஏற்றுக்கொள்வது பழைய வழக்கம். இதைச் சொன்னால் சமவெளிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நம் பக்கம் பதினேழில் முடிந்த கல்யாணங்களுக்கு நாமெல்லாம் போய்ச் சாப்பிட்டவர்கள்தானே? மலையில் இதற்கு வேறு காரணமும் உண்டு: எட்டாவதோடு பள்ளி முடிகிறது, மேலே படிக்க விடுதிக்குப் போக வேண்டும். போகாத பெண் வீட்டில் என்ன செய்வாள்?

பதினெட்டு வயதாகாத பெண் கர்ப்பமாக இருப்பது தெரிந்தால் டாக்டர் போலீசுக்குத் தகவல் தந்தே ஆக வேண்டும். அதை ஒளிக்காமல் அன்றைக்கே சொன்னேன், மாமியார் அழுதார். ஆனால் அதைக் காட்டி யாரும் சிகிச்சையை மறுக்க முடியாது. கர்ப்பத்தைத் தொடர விருப்பமில்லாத சிறுமி 24 வாரம் வரை கலைக்கக் கேட்கலாம். அப்போது அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் போலீசுக்குப் போகும் தகவலில் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இவள் வந்தபோது அந்தக் கெடுவும் தாண்டியிருந்தது.

இரும்புச்சத்து மாத்திரை தின்றால் பிள்ளை பெருத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை, அதனால் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம், மலையில் அரிவாள் செல் நோயும் உண்டு, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய். ரத்தச் சோகை என்றால் அந்தச் சோதனையும் செய்துவிட வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். குழந்தை 1.9 கிலோ, நெஞ்சோடு அணைத்தே தேற்றினார்கள். போன மாதம் தடுப்பூசிக்கு வந்தவள், பத்தாவதைத் தனித்தேர்வராக எழுத முடியுமா என்று கேட்டாள். எழுதலாம், ஆனால் அறிவியல் செய்முறை வகுப்புக்குக் கீழே வந்தாக வேண்டும். அவள் ஊருக்கு பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான்.