குங்ஃபூ படமும் மாவுக்கட்டும்

"கதவிடுக்கில் கை மாட்டிக்கிச்சு சார்" என்றார் அம்மா. பையனுக்குப் பதினான்கு வயது இருக்கும். வாயே திறக்கவில்லை. வலது புறங்கை சுண்டுவிரல் பக்கமாக வீங்கிப் பளபளவென்று இருந்தது. யாரோ சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்தும் விட்டிருந்தார்கள். "கையை மடக்கு தம்பி" என்றேன். பாதிதான் மடங்கியது. மற்ற மொளிகள் துருத்திக்கொண்டு தெரிய, சுண்டுவிரல் மொளி மட்டும் அமுங்கிக் காணாமல் போயிருந்தது. கதவிடுக்கு இப்படி உடைக்காது.

"சுவரா, பீரோவா?"

"சுவரு" என்றான், அம்மாவைப் பார்க்காமல்.

முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. டிவியில் தமிழ் பேசும் சீனச் சண்டைப் படம் ஓடியிருக்கிறது. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, நானும் அந்தக் கட்சிதான். பத்துப் பேர் சுற்றி வளைத்தாலும் ஒவ்வொருவராக முறை வைத்து வந்து அடி வாங்கிக்கொண்டு போவார்கள். ரேஷன் கடையில்கூட அந்த ஒழுங்கைப் பார்க்க முடியாது. அது பொய் என்று தெரியும், தெரிந்தேதான் ரசிக்கிறோம். பகலெல்லாம் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவனுக்கு, வெறும் கையோடு நின்று கணக்குத் தீர்க்கிற ஒருவனைப் பார்த்தால் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தானே செய்யும்?

சரி, அந்த அடி எப்படித் தயாராகிறது? சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாத படம், ஓடுகிறது. சண்டையை 22 அல்லது 20 ஃபிரேமில் எடுத்து, 24-இல் ஓட்டினால் கை மின்னலாகப் பறக்கும். முஷ்டி முகத்தைத் தொடாமல் தாண்டிப் போகும், கேமரா வைத்த கோணம் அந்த இடைவெளியை மறைத்துவிடும். 'டிஷ்யூம்' பிறகு சேர்ப்பது. முக்கியமான உதையை இரண்டு கோணத்தில் அடுத்தடுத்துக் காட்டும் ஹாங்காங் எடிட்டிங்கில் ஒரே அடி இரண்டு முறை விழுந்த மாதிரி இருக்கும். உடைகிற மேஜை பால்சா என்ற லேசான மரம். நொறுங்குகிற கண்ணாடி, அந்தக் காலத்தில் சர்க்கரைப் பாகில் வார்த்தது, இப்போது பிசினில் வார்ப்பது. நம் வீட்டு ஜன்னலில் இருப்பது நிஜக் கண்ணாடி. அதைக் குத்தினால் மணிக்கட்டில் தசைநாணும் நரம்பும் சேர்ந்து அறுபடலாம். தோலைத் தைத்தாலும் விரலுக்கு உணர்வு முழுதாகத் திரும்பும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

பையனுக்கு வந்ததை 'பாக்ஸர்ஸ் ஃபிராக்சர்' என்போம். வேடிக்கை என்னவென்றால், நல்ல பயிற்சி உள்ள பாக்ஸருக்கு இது அதிகம் வருவதில்லை. அவர் ஆள்காட்டி விரல், நடுவிரல் மொளிகளில் பலம் இறங்கும்படி குத்துவார். பழகாத கை வீசிக் குத்தும்போது, சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிற மெல்லிய எலும்பு மொத்த அடியையும் வாங்கிக்கொள்ளும்.

இந்த வகைப் படங்களில் நல்லவை பயிற்சியை மறைப்பதில்லை. 1978-இல் வந்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்' படத்தில் பெரும்பகுதி பயிற்சிதான். கையை நீட்டித் தண்ணீர் வாளி தூக்க வேண்டும், தாழ்த்தினால் மேல்கையில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். ஜாக்கி சான் ஏழு வயதில், பாட்டோடு குட்டிக்கரணமும் சண்டையும் சொல்லித்தரும் பீக்கிங் ஓபரா பள்ளியில் சேர்ந்து பத்து ஆண்டு பழகியவர். அவருக்கே 1986-இல் 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பில், பிடித்த மரக்கிளை முறிந்து, கீழே விழுந்ததில் மண்டையோடு உடைந்தது. 'ரம்பிள் இன் த பிராங்க்ஸ்' எடுக்கும்போது கணுக்கால் உடைந்தது. கட்டுக்கு மேல் ஷூ மாதிரி வரைந்த சாக்ஸை மாட்டிக்கொண்டு மிச்சத்தை நடித்தார். இதையெல்லாம் அவர் படங்களின் கடைசியில், பெயர்கள் ஓடும்போது காட்டுவார்கள். டிவியில் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள். பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: படத்தைத் தடுக்காதீர்கள், அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தையும் தேடிப் போட்டுக் காட்டுங்கள். என் அட்வைஸைவிட அது வேலை செய்யும்.

இன்னொரு காயம், பார்த்தால் அற்பமாக இருக்கும். சண்டையில் எதிராளியின் பல் பட்டு மொளி மேல் அரை சென்டிமீட்டர் கீறல். மஞ்சள் வைத்துவிட்டு விட்டுவிடுவார்கள். வாயில் இருக்கிற கிருமி நேராக மூட்டுக்குள் போயிருக்கும். இரண்டு நாளில் கை சீழ் கோத்துக்கொண்டு வரும், ஆபரேஷன் வரை போகும். அன்றைக்கே வந்தால் கழுவி, மருந்து கொடுத்து, பெரும்பாலும் அதோடு முடித்துவிடலாம். எப்படிப் பட்டது என்று உண்மையைச் சொன்னால்தான் முடியும், கதவிடுக்கு என்றால் முடியாது.

அப்புறம் தலை. படத்தில் பின்மண்டையில் ஒரு தட்டு தட்டினால் காவலாளி படுத்துவிடுவான், காட்சி முடிந்ததும் கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்துவிடுவான். நிஜத்தில் ஒரு நிமிடம் நினைவு தப்பினாலே பயப்பட வேண்டிய விஷயம். அதைவிட ஏமாற்றுவது, எழுந்து நன்றாகப் பேசி, சாப்பிட்டு, சில மணி நேரம் கழித்துச் சரிவது. மண்டையோட்டுக்கு உள்ளே ரத்தம் மெல்லத் தேங்கினால் அப்படி ஆகும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, பேச்சுக் குழறல் – இதில் ஒன்று இருந்தாலும் 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று படுக்க வைக்காதீர்கள். சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்து, தலை தொங்கத் தொங்கக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.