நண்பர் பக்கத்தில் நின்றால் மேடும் தணியும்

மனசு கனத்துக் கிடக்கும் நாளில் நெருங்கிய நண்பருக்குப் போன் போடுகிறோம். "என்ன, குரலே சரியில்லையே?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிடுகிறது. பேசி முடித்த பிறகும் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. மூச்சு மட்டும் சீராகியிருக்கிறது. இது வெறும் ஆறுதல் இல்லை. உடம்புக்குள் நிஜமாகவே ஏதோ இறங்கியிருக்கிறது.

நெருக்கடி என்று மூளை கணித்ததும், மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். அது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும். ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும். ஜூரிச் ஆய்வாளர்கள் 2003இல் 37 ஆண்களை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசவைத்து, மனக்கணக்கும் போடச் சொன்னார்கள். சிலருக்கு மட்டும், பேச்சுக்குத் தயாராகும் நேரத்தில் அவர்களுடைய உற்ற நண்பர் கூடவே இருந்தார். அந்தச் சில நிமிடத் துணைக்கே கார்டிசால் குறைவாகத்தான் ஏறியது.

சரி, வாய்விட்டுச் சொல்வதில் என்ன இருக்கிறது? கோபமோ பயமோ தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லவைத்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், அபாயத்துக்கு விழித்துக்கொள்ளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் துடிப்பு தணிந்தது. நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கத்து முன்மூளைப் பகுதி சுறுசுறுப்பானது. "என்னமோ பண்ணுது" என்று தொடங்கி, நண்பர் கேட்கக் கேட்க, "அவமானமா இருந்துச்சு" என்று வந்து சேர்கிறோமே, அந்தச் சொல் கிடைக்கும் இடம்தான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சிக்கலும் உண்டு. ஒரே வேதனையைத் திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டே இருந்தால் நட்பு இறுகும், சோர்வும் கூடவே வரும். உளவியலாளர் அமண்டா ரோஸ் 2002இல் பள்ளிப் பிள்ளைகளிடம் இரண்டையும் சேர்த்தே கண்டார். இதற்குப் பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். அழுது முடித்த பிறகு, "வா, கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்" என்று ஒருவர் எழுந்தால் போதும்.

நடை என்றதும் இன்னொரு ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2008இல் வெளியானது. ஒரு குன்றின் அடியில் ஆட்களை நிறுத்தி, அது எவ்வளவு செங்குத்து என்று கேட்டார்கள். தனியாக நின்றவர்களைவிட, நண்பரோடு நின்றவர்களுக்குச் சரிவு குறைவாகத் தெரிந்தது. பழகிய காலம் கூடக் கூட மேடும் தணிந்தது. அப்புறம், துணைக்கு யாரும் இல்லாமல், தாங்கிப்பிடிக்கும் ஒருவரை மனசில் நினைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள். அவர்களுக்கும் மேடு சற்றுத் தாழ்வாகத்தான் தெரிந்தது.