டர்போ சி++ டாஸ்பாக்ஸுக்குள் மட்டும் ஓடுவது ஏன்?

பொறியியல் முதலாமாண்டு படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்த டர்போ சி++ மென்பொருளை வீட்டில் விண்டோஸ் 11 கணினியில் நேரடியாகத் திறந்தால், இது உங்கள் கணினியில் இயங்காது என்று வருகிறது. அதையே டாஸ்பாக்ஸுக்குள் வைத்துத் திறந்தால் உடனே அதன் வழக்கமான நீல நிறத் திரை வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே கணினிதானே, இது எப்படி?"

முதலில், விண்டோஸ் ஏன் மறுக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். சி++ மொழியில் நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் டர்போ சி++, 1990களின் தொடக்கத்தில் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது. அதுவும், அதில் நாம் உருவாக்கும் நிரல்களும் நம்பியிருப்பது 1978இல் இன்டெல் வெளியிட்ட 8086 நுண்செயலி வகுத்துத் தந்த நடைமுறையை: 16 பிட் பதிவகங்கள் (நுண்செயலிக்குள்ளேயே எண்களை வைக்கும் சிறு இடங்கள்), 10,48,576 பைட் நினைவகம், அந்த நினைவகத்தில் எந்த இடத்தையும் யாரையும் கேட்காமல் தொடலாம் என்ற சுதந்திரம். பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடும் விண்டோஸ் போன்ற இயங்குதளத்தில் இப்படிப்பட்ட சுதந்திரத்தை அனுமதிக்க முடியாது. 1985இல் வந்த 80386 நுண்செயலி இதற்கு ஒரு வழி கண்டது. பழைய நிரலுக்கு வேலி போட்ட ஓர் இடத்தைக் கொடுத்து, அது வேலியைத் தாண்டும்போதெல்லாம் இயங்குதளத்திடம் பிடித்துக்கொடுக்கும் 'மெய்நிகர் 8086' என்ற முறையைச் சில்லுக்குள்ளேயே வைத்தார்கள். 32 பிட் விண்டோஸ் பதிப்புகள் இதைப் பயன்படுத்தித்தான் டாஸ் நிரல்களை ஓட்டின. ஆனால் ஏஎம்டி நிறுவனம் வகுத்து 2003இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 64 பிட் வடிவமைப்பில், நுண்செயலி 64 பிட் முறையில் இருக்கும்போது மெய்நிகர் 8086 கிடையாது. விண்டோஸ் 11 என்பதோ 64 பிட் பதிப்பாக மட்டுமே வருகிறது. 32 பிட் கட்டளைகளை நேரடியாக ஓட்டும் வழியை இந்த வடிவமைப்பு விட்டுவைத்திருப்பதால், இருபது ஆண்டுக்கு முந்தைய விண்டோஸ் மென்பொருள்கள் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றைவிட மூத்த டாஸ் நிரல்களுக்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

பீட்டர் வீன்ஸ்ட்ரா, ஷூர்ட் வான் டெர் பெர்க் ஆகிய இருவர் தொடங்கி 2002இல் வெளியான டாஸ்பாக்ஸ், நுண்செயலியிடம் இந்தச் சலுகையைக் கேட்பதே இல்லை. 8086 வழிவந்த ஒரு முழுக் கணினியையே அது மென்பொருளாக நடித்துக் காட்டுகிறது. பதிவகங்கள் என்பவை அதற்குள் வெறும் மாறிகள். நினைவகம் என்பது ஒரு நீண்ட அணி, அதாவது எண்களின் வரிசை. டர்போ சி++இன் ஒரு கட்டளையைக்கூட உங்கள் கணினியின் நுண்செயலி நேரடியாகப் பார்ப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். பழைய நிரலில் 184, 5, 0, 5, 3, 0 என்று ஆறு பைட்டுகள் வரிசையாக இருக்கின்றன என்று கொள்வோம். டாஸ்பாக்ஸ் முதல் பைட்டை எடுத்துப் பார்க்கிறது. 184 என்றால், 'அடுத்து வரும் இரண்டு பைட் எண்ணை ஏஎக்ஸ் பதிவகத்தில் வை' என்று பொருள். ஆகவே 5, 0 ஆகிய இரண்டையும் சேர்த்து ஐந்து என்று படித்து, ஏஎக்ஸுக்கான மாறியில் எழுதுகிறது. அடுத்தும் 5 வருகிறது. ஆனால் இப்போது அது கட்டளை வரும் இடத்தில் நிற்பதால், 'ஏஎக்ஸுடன் கூட்டு' என்று பொருள்படுகிறது. 3, 0 என்பதை மூன்றாகப் படித்துக் கூட்ட, ஏஎக்ஸில் எட்டு வந்து நிற்கிறது. எடு, பொருள் பார், செய், அடுத்ததற்குப் போ என்ற இந்தச் சுழற்சி ஒரு நொடியில் பல லட்சம் முறை நடக்கிறது.

என்னை மிகவும் கவர்ந்த நுட்பம் அந்தக் கூட்டலுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. உண்மையான நுண்செயலி ஒவ்வொரு கூட்டலுக்குப் பின்னும் ஆறு கொடிகளை, அதாவது விடையைப் பற்றிய ஆம்-இல்லை குறிப்புகளை, ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. விடை பூஜ்யமா, குறை எண்ணா, 16 பிட்டுக்குள் அடங்காமல் மிஞ்சியதா, விடையின் கடைசிப் பைட்டில் இருக்கும் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்பன போன்ற செய்திகளை அவை தெரிவிக்கின்றன. சில்லில் இதற்கெனத் தனி மின்சுற்றுகள் இருப்பதால், கூட்டல் நடக்கும் அதே நேரத்தில் இவையும் கணிக்கப்பட்டுவிடும். மென்பொருளில் அப்படியில்லை. கூட்டலை ஒரே கட்டளையில் முடித்துவிடலாம். ஆறு கொடிகளையும் கணிக்கப் பல கட்டளைகள் வேண்டும். அவ்வளவு பாடுபட்டுக் கணித்த கொடிகளைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதுமில்லை, ஏனென்றால் அடுத்த கூட்டலோ கழித்தலோ வந்து அவற்றை மாற்றி எழுதிவிடுகிறது.

ஆகவே டாஸ்பாக்ஸ் கொடிகளை உடனே கணிப்பதில்லை. கூட்டப்பட்ட எண்கள் ஐந்தும் மூன்றும், விடை எட்டு, செயல் கூட்டல் என்று மட்டும் குறித்து வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. அடுத்து ஒரு கழித்தல் வந்தால் பழைய குறிப்பின்மேல் புதிய குறிப்பு ஏறிவிடும். பழைய கொடிகள் கணிக்கப்படாமலே மறைந்துபோகும். 'விடை பூஜ்யமாக இருந்தால் அங்கே தாவு' என்ற கட்டளை வரும்போது மட்டும் குறிப்பைத் திறந்து, கேட்கப்பட்ட அந்த ஒரு கொடிக்கு மட்டும் விடை சொல்கிறது. கேட்டால் மட்டும் கணி என்ற இந்த ஏற்பாட்டை நிரலாளர்கள் 'சோம்பேறிக் கொடிகள்' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். இந்தப் பகுதியை அதன் மூல நிரலில் முதன்முறையாக வாசித்தபோது, அன்றிரவு வேறெதையும் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

திரைக்கும் இதே போன்ற ஏற்பாடுதான். டாஸ் நிரல்கள் 7,53,664ஆம் நினைவக முகவரியிலிருந்து எழுத்துகளை நேரடியாக எழுதும்: 65 என்றால் ஆங்கில முதல் எழுத்து, அதை அடுத்து 30 என்றால் நீலப் பின்னணியில் மஞ்சள். அணியின் அந்தப் பகுதியைப் படித்து, டாஸ்பாக்ஸ் விண்டோஸ் சாளரத்தில் வரைகிறது. கோப்பைத் திற என்று டாஸிடம் விடுக்கப்படும் கோரிக்கைக்கும் டாஸ்பாக்ஸே பதில் சொல்லி, உங்கள் கோப்புறையிலிருந்து அதை எடுத்துத் தருகிறது.

வேகத்தையும் அது கட்டுப்படுத்தியாக வேண்டும். டர்போ பாஸ்கல் என்ற டாஸ் கால நிரலாக்கக் கருவியில் எழுதிய பல நிரல்கள், தொடங்கும்போதே 55 மில்லி நொடியில் ஒரு சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுத்து, கணினியின் வேகத்தை அறிந்துகொள்ளும். 1990களின் பிற்பகுதியில் வந்த வேகமான நுண்செயலிகளில் அந்த ஈவு 65,535ஐத் தாண்டி 16 பிட்டில் அடங்காமல் போனதால், நிரல் 200ஆம் எண் பிழையைக் காட்டி நின்றுவிட்டது. டாஸ்பாக்ஸ் சாதாரண டாஸ் நிரலுக்கு மில்லி நொடிக்குச் சுமார் 3,000 கட்டளைகளையே ஓட்டுவதால், அந்தப் பிழை எழுவதில்லை.

இவ்வளவு அருமையான கருவியைப் போற்றும் அதே மனத்துடன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சி++ மொழிக்கான முதல் உலகத் தரம் 1998இல் வந்தது. டர்போ சி++ அதற்கு முந்தையது. அதில் முழு எண்ணுக்கு இரண்டு பைட் என்பதால், 32,767உடன் ஒன்றைக் கூட்டினால் -32,768 வருகிறது. அதையே மொழியின் இலக்கணமாக மனப்பாடம் செய்யும் மாணவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பழைய மென்பொருளைப் பாதுகாக்கும் பணிக்கு நம் பல்கலைக்கழகங்கள் நிதி ஒதுக்கட்டும். பாடம் நடத்த இன்றைய, இலவசமாகக் கிடைக்கும் தொகுப்பிகளை (நிரலைக் கணினிக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்களை) பயன்படுத்தட்டும்.

கேள்வி கேட்ட மாணவர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டாஸ்பாக்ஸுக்குள் டர்போ சி++ஐத் திறந்து, ஒன்று முதல் பத்தாயிரம் வரை எண்களை அச்சிடும் ஒரு சிறு நிரலை ஓட்டிக்கொண்டே, கண்ட்ரோலையும் எஃப்11ஐயும் சேர்த்து அழுத்துங்கள். சாளரத்தின் தலைப்பில் வேகத்தைக் காட்டும் எண் குறையும். எண்கள் மெதுவாக இறங்கும். எஃப்12 அதற்கு நேர்மாறு.