மேனேஜர் அஞ்சு பேரை சுட்டுட்டாரா?

அக்கா பொண்ணு பேங்க் எக்ஸாமுக்கு படிச்சிட்டு இருக்கா. போன மாசம் ஊருக்கு போயிருந்தப்ப அவளோட நோட்டைக் காட்டினா, இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் தமிழ் அர்த்தம், நடுவுல ஸ்கேல் வச்சு சிவப்பு கோடு, 800 வார்த்தைக்கு மேல மனப்பாடம் மாமான்னு ஒரே பெருமை. சரி பாத்துருவோம்னு "தி மேனேஜர் ஃபயர்டு ஃபைவ் பீப்பிள்", இதை தமிழ்ல சொல்லுன்னேன். நோட்டுல ஃபயர்னா நெருப்பு, சுடுதல். அஞ்சு செகண்டு யோசிச்சிட்டு "மேனேஜர் அஞ்சு பேரை சுட்டுட்டார்"னா. சொல்லி முடிக்கறதுக்குள்ளயே தப்புன்னு தெரிஞ்சு அவளே சிரிச்சிட்டா.

ஆனா அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னா பாருங்க, "மாமா, இதே லைன் பேப்பர்ல வந்திருந்தா வேலையை விட்டு தூக்கிட்டாங்கன்னு எனக்கு புரிஞ்சிருக்கும், நீங்க தமிழ்ல சொல்லச் சொன்னதுதான் கன்ஃபியூஸ் ஆயிடுச்சு". நான் முதல்ல சமாளிக்கறான்னுதான் நெனச்சேன். அப்புறம் யோசிச்சா அவ சொன்னது நெசம், அந்த நெசத்துக்குள்ளதான் இந்த விஷயம் மொத்தமும் இருக்கு.

படிக்கறப்பவும் கேக்கறப்பவும் நம்ம மூளை ஒரு தில்லாலங்கடி வேலை பண்ணுது. 1979ல டேவிட் ஸ்வின்னின்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதை ரொம்ப அழகா பிடிச்சார். இங்கிலீஷ்ல "பக்"னா பூச்சியும்தான், ஒட்டுக்கேக்க ஒளிச்சு வைக்கிற குட்டி மைக்கும்தான். ரூம் மூலையில சிலந்தி, கரப்பான், இன்னும் என்னென்னவோ பக்ஸ் இருந்துச்சுன்னு ஒரு வாக்கியத்தை காதுல ஓடவிட்டார். அந்த "பக்ஸ்" முடியற அதே நொடியில ஸ்கிரீன்ல ஒரு வார்த்தை வரும், அது உண்மையான வார்த்தையா சும்மா எழுத்துக் கூட்டமான்னு பட்டனை அமுக்கி சொல்லணும், அவ்வளவுதான். "எறும்பு"ன்னு வந்தா சட்டுனு அமுக்குனாங்க, அது சரி, பேச்சே பூச்சியைப் பத்திதான். ஆனா "உளவாளி"ன்னு வந்தாலும் அதே மாதிரி சட்டுனு அமுக்குனாங்க! சம்பந்தமே இல்லாத "தையல்"ங்கிற வார்த்தைக்குதான் லேட் ஆச்சு. அதாவது சிலந்தி, கரப்பான்னு அவ்வளவு தெளிவா க்ளூ கொடுத்தும் மூளை ரெண்டு அர்த்தத்தையும் திறந்துடுது. அதே டெஸ்ட்டை மூணு அசை தள்ளி வச்சுப் பாத்தா எறும்பு மட்டும்தான் வேகமா வருது, உளவாளி காணாமப் போயிட்டான். ஒரு செகண்டுகூட ஆகலைங்க, அதுக்குள்ள ரெண்டு கதவைத் திறந்து ஒண்ணை சாத்தியாச்சு, வீட்டுக்காரருக்கு அதாவது நமக்கு ஒரு தகவலும் இல்ல.

2005ல ஜென்னி ராட்ங்கிற மொழி ஆராய்ச்சியாளரோட குழு மூளை ஸ்கேன் எடுக்கறப்ப கேக்க வச்ச வாக்கியங்கள்ல ஒண்ணு, "தி ஷெல் வாஸ் ஃபயர்டு டுவர்ட்ஸ் தி டாங்க்". இதுல ஷெல் கிளிஞ்சலா குண்டா, டாங்க் தண்ணித் தொட்டியா போர் வண்டியா, ஃபயர் கேக்கவே வேணாம். இவ்வளவு சிக்கல் இருந்தும் இங்கிலீஷ்காரங்களுக்கு அது சாதாரண வாக்கியமாத்தான் படும், ஆனா ஸ்கேன்ல மட்டும் நெத்திக்குப் பின்னாடி கீழ்ப்பக்கமா இருக்கிற பகுதி கூடுதலா வேலை செஞ்சது தெரியுது. (டாங்க்குக்கு அந்த ரெண்டாவது அர்த்தம் வேணும்னே வச்சதுதான். முதல் உலகப்போர்ல பிரிட்டன்காரங்க அந்த வண்டியை ரகசியமா செஞ்சப்ப தண்ணித் தொட்டி செய்யறோம்னு சொல்லி மறைச்சாங்க, 1916ல போர்க்களத்துக்கு வந்தப்புறமும் பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு.)

இப்ப அக்கா பொண்ணு கேஸுக்கு வாங்க. பேப்பர் படிக்கறப்ப முன்னாடி கம்பெனி நஷ்டம்னு வந்திருக்கும், பின்னாடி ஊழியர்கள் போராட்டம்னு வரும், அதுக்கு நடுவுல ஃபயர்டுங்கிற வார்த்தையை அவ சரியா தெரிஞ்சுக்காமலே கடந்து போயிடலாம், மேலோட்டமா ஒரு அர்த்தம் போதும். மொழிபெயர்க்கச் சொன்னா அந்த ஜம்பம் பலிக்காது, ஏன்னா தமிழ்ல சுடுறதுக்கு ஒரு வார்த்தை, வேலையை விட்டு தூக்கறதுக்கு ஒரு வார்த்தை, எது வேணும்னு கையை நீட்டி எடுத்தே ஆகணும். எந்த அர்த்தம்னு மூளை ரகசியமா பொறுக்கி எடுத்ததை வெளிச்சத்துக்கு இழுத்துட்டு வர்றதுதான் மொழிபெயர்ப்பு பயிற்சி பண்ற வேலை. நான் இதை ஒரு பரிசோதனைக் கருவி மாதிரிதான் பாக்குறேன், எங்க ஓட்டை இருக்குன்னு அது காட்டிக் கொடுத்துடும்.

அதுலயும் நமக்கு ஒரு வசதி என்னன்னா தமிழும் இங்கிலீஷும் உலகத்தை வேற வேற இடத்துல வெட்டுது. "ரன்" எடுத்துக்கோங்க. ஆக்ஸ்ஃபோர்ட் பெரிய அகராதியில ரன்ங்கிற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தம் கணக்கு பண்ணியிருக்காங்க, 1989 பதிப்புல "செட்"தான் 430ஓட முதல் இடத்துல இருந்துச்சு, அதை ரன் ஓட்டத்துலயே தோக்கடிச்சிடுச்சு. ஆறு ரன் ஆகுது, நம்ம ஊர்லயும் ஆறு ஓடுது. பஸ் ஓடுது, படம் 100 நாள் ஓடுது, பொருந்திப் போகுது. ஆனா கடை ரன் ஆனா நாம நடத்துறோம், மூக்கு ரன் ஆனா ஒழுகுது, துணியில கலர் ரன் ஆனா சாயம் போகுது. தேர்தல்தான் எனக்குப் பிடிச்ச உதாரணம், அமெரிக்காவுல தேர்தலுக்கு ஓடுறாங்க, பிரிட்டன்லயும் நம்ம ஊர்லயும் தேர்தல்ல நிக்குறாங்க. ஒரே வேலை, ஒருத்தன் ஓடுறான் ஒருத்தன் நிக்குறான்! பொருந்தற இடத்துல பயிற்சி பண்ணி பிரயோஜனம் கம்மி, பிரியற இடத்துலதான் சரக்கு இருக்கு.

பொதுவாவே அதிகமா புழங்குற வார்த்தைக்குதான் அர்த்தமும் அதிகமா இருக்கும்னு ஜார்ஜ் ஜிஃப்ங்கிற மொழி ஆராய்ச்சியாளர் 1940கள்லயே எண்ணிப் பாத்து சொல்லிட்டார். அதனால நோட்டுல 800 அபூர்வ வார்த்தை எழுதறதை விட கெட், டேக், ரன், செட், சார்ஜ்னு ஒரு ஐம்பது வார்த்தையைக் குடைஞ்சு எடுக்கறது லாபம், இது என் அபிப்பிராயம்.

எல்லா பல அர்த்த வார்த்தையும் ஒரே ஜாதி கிடையாது, அதையும் சொல்லிடறேன். "பேட்"னா வௌவால், பேட்னா கிரிக்கெட் மட்டை. ரெண்டும் வேற வேற வேர்ல இருந்து வந்து ஒரே ஒலியில மோதிக்கிட்டது, ஒரே பேர்ல ரெண்டு ஆளு. "சார்ஜ்" அப்படியில்ல, ஒரே குடும்பம். லத்தீன்ல வண்டியில சுமை ஏத்தறதுங்கிற சொல்லுல இருந்து வந்தது, காரும் கார்கோவும் அதுக்குப் பங்காளிங்க. இப்ப பாருங்க, ஃபோனுக்கு சார்ஜ் "ஏத்து"றோம், போலீஸ் குற்றம் "சுமத்து"து, ஹோட்டல்காரன் சர்வீஸ் சார்ஜை நம்ம தலையில கட்டறான், இன்சார்ஜ் ஆளு பொறுப்பை சுமக்கறான். சுமைங்கிற ஒத்தை படம் மனசுல இருந்தா நாலும் தன்னால ஒட்டிக்குது, தமிழ் வினைச்சொல்லே அதைக் காட்டிக் கொடுக்குது! ராட், கேஸ்கெல், மார்ஸ்லன் வில்சன் மூணு பேரும் 2002ல கண்டுபிடிச்சதும் இதோட ஒத்துப் போகுது: சம்பந்தமுள்ள பல அர்த்தம் இருக்கிற வார்த்தையை மூளை சீக்கிரம் அடையாளம் காணுது, சம்பந்தமில்லாத அர்த்தம் உள்ள வார்த்தைக்கு தடுமாறுது. அதனால சார்ஜ் மாதிரி வார்த்தைக்கு வேரைப் பிடிங்க, பேட்டுக்கு மனப்பாடம்தான், வேற வழியில்ல.

சரி, எந்த அர்த்தம்னு எப்படி முடிவு பண்றது? இதுக்கு நம்மகிட்ட ரொம்பப் பழைய சூத்திரம் ஒண்ணு இருக்கு. பலபொருள் ஒருசொல் வந்தா வினை, இனம், சார்பு இந்த மூணை வச்சு பொருளைத் தெளியலாம்னு தொல்காப்பியம் சொல்லுது. "மா"ன்னா மாமரம், மான்னா குதிரை. மா பூத்ததுன்னா மரம், அது வினை காட்டிக் கொடுத்தது. மாவும் மருதும்னு பக்கத்துல இன்னொரு மரம் நின்னா அது இனம். போர்க்கவசம் மாட்டிக்கிட்டு ஒருத்தன் மா கொண்டான்னா அவன் மாம்பழம் கேக்கல, அது சார்பு. மேனேஜர் கேஸுக்கு இதைப் போட்டுப் பாருங்க, துப்பாக்கியை ஃபயர் பண்ணா சுடறது, பானையை ஃபயர் பண்ணா சூளையில சுடறது, ஆளை ஃபயர் பண்ணது மேனேஜர்னா தூக்கறது. ஃபயரையே முறைச்சுப் பாத்தா அதுல ஒண்ணும் கிடைக்காது, அக்கம்பக்கத்தை விசாரிக்கணும்.

மெஷினை மொழிபெயர்க்க வைக்கப் பாத்த கம்ப்யூட்டர்காரங்களும் இதே இடத்துலதான் வருஷக்கணக்கா முட்டிக்கிட்டாங்க. 1949ல வாரன் வீவர் ஒரு யோசனை சொன்னார், காகிதத்துல ஒரு வார்த்தை மட்டும் தெரியற மாதிரி ஓட்டை போட்டு பாத்தா அர்த்தம் தெரியாது, ஓட்டையை ரெண்டு பக்கமும் பெருசாக்கிட்டே போனா ஒரு கட்டத்துல தெரிஞ்சுடும்னு. யெஹோஷுவா பார் ஹில்லெல் 1960ல அதுக்கு ஒரு முட்டுக்கட்டை போட்டார்: குட்டி ஜான் பொம்மைப் பெட்டியைத் தேடினான், கடைசியில கிடைச்சது, "தி பாக்ஸ் வாஸ் இன் தி பென்". பேனாவுக்குள்ள எப்படிப் பெட்டி போகும்? பென்னுக்கு குழந்தையை விளையாட விடற தடுப்புக் கூண்டுன்னும் அர்த்தம் உண்டு, ஆட்டுப்பட்டின்னும் உண்டு. ஆனா இது புரிய பேனா எத்தனை பெருசு பெட்டி எத்தனை பெருசுன்னு தெரியணும், அது அந்த வாக்கியத்துல எங்கயும் எழுதியில்லை. இன்னைக்கு இருக்கிற மெஷின்கள் கோடிக்கணக்கான வாக்கியத்தைப் படிச்சு அக்கம்பக்கத்தை எடை போட்டு பெரும்பாலும் சமாளிச்சுடுது, அதாவது சார்பை ரொம்ப ரொம்ப பெருசா பாக்குது.

அவளுக்கு நான் சொன்ன பயிற்சி பெருசா ஒண்ணுமில்ல. ஒரு வார்த்தைக்கு நாலு வாக்கியம், நாலும் வேற அர்த்தம், தமிழ்ல எழுது, இங்கிலீஷை மூடி வை, மறுநாள் தமிழை மட்டும் பாத்து திரும்ப இங்கிலீஷுக்கு கொண்டு போ. இது என் சரக்கு இல்ல, முதலாம் எலிசபெத் ராணிக்கு பாடம் எடுத்த ராஜர் ஆஸ்கம் லத்தீன் கத்துக்க இதே ரெட்டை மொழிபெயர்ப்பைத்தான் சிபாரிசு பண்ணார், அவர் எழுதினது அச்சுல வந்தது 1570ல. மூடி வைக்கறதுதான் முக்கியம். 2006ல ரோடிகர், கார்ப்பிக் ரெண்டு பேரும் மாணவர்கள்ல ஒரு கூட்டத்தை பாடத்தை ரெண்டு தடவை படிக்க விட்டாங்க, இன்னொரு கூட்டம் ஒரு தடவை படிச்சிட்டு மறுதடவை பாக்காம எழுதணும். அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி, 81க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழிச்சு வச்சா தலைகீழ், பாக்காம எழுதினவங்க 56, படிச்சவங்க 42. நோட்டை புரட்டிப் புரட்டிப் பாத்தா தெரிஞ்ச மாதிரியே இருக்கும், அந்த அஞ்சு நிமிஷ சந்தோஷம்தான் ஆளை ஏமாத்துது.

இன்னொண்ணு, ஒரே அர்த்தத்துல பத்து வாக்கியம் வரிசையா போடாதேன்னேன். ஒரு வார்த்தையை ஒரு அர்த்தத்துல ஒரே ஒரு தடவை கேட்டாலே இருபது நிமிஷம் கழிச்சும் அந்த அர்த்தம் முதல்ல மனசுக்கு வர்ற வாய்ப்பு கூடுதுன்னு ராட் குழு 2013ல காட்டியிருக்காங்க. பின்னாடி துடுப்புப் படகு ஓட்டறவங்ககிட்டயும் பாத்தாங்க, சாதாரண ஆளுக்கு ஃபெதர்னா இறகு, படகுக்காரங்களுக்கு துடுப்பைத் தட்டையா திருப்பறது, எத்தனை வருஷம் துடுப்பு போட்டாங்களோ அந்தளவுக்கு படகு அர்த்தங்கள் முந்திக்கிட்டு வருது. அப்ப பத்தும் வட்டிங்கிற இன்ட்ரெஸ்ட்டாவே இருந்தா ரெண்டாவதுலயே நீ யோசிக்கறதை நிறுத்திடுவ. நடுவுல ஆர்வம்ங்கிற இன்ட்ரெஸ்ட் ஒண்ணு வந்து குறுக்க விழணும்.

இதை வச்சு சரளமா பேசிடலாம்னு நான் சொல்லல. மனசுக்குள்ள தமிழ்ல யோசிச்சு யோசிச்சு பேசினா எதிர்ல நிக்கறவர் கிளம்பிப் போயிடுவார். 1878ல அமெரிக்காவுல மொழிப் பள்ளி ஆரம்பிச்ச மேக்ஸிமிலியன் பெர்லிட்ஸ் பாடத்துல மொழிபெயர்ப்பே கூடாதுன்னார், அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. பேச்சுக்கு அது, அர்த்தத்தைத் துல்லியமா பிடிக்க இது.

தமிழ்ல இருந்து ஆரம்பிச்சாதான் ரொம்ப ஜாலி. "போடு"ன்னு ஒண்ணு கொடுத்தேன், டீ போடு, சட்டை போடு, கையெழுத்து போடு, ஊசி போடு, ஃபேனைப் போடு, ஓட்டு போடு, சண்டை போடு. ஏழுக்கும் இங்கிலீஷ்ல ஏழு வினை வேணும், அவ நோட்டுல போடுங்கிறதுக்கு எதிர்ல "புட்" மட்டும்தான் இருந்துச்சு, அதை ரெண்டு நாள் திட்டிக்கிட்டே எழுதினா.

போன ஞாயித்துக்கிழமை பழிக்குப் பழியா எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கா: "பாட்டி சுட்ட வடையை காக்கா சுட்டுடுச்சு. இதை இங்கிலீஷ்ல சொல்லுங்க மாமா, ரெண்டு இடத்துலயும் ஒரே வார்த்தைதான் வரணும்." முதல் சுடுறது எண்ணெய்ச் சட்டியில, ரெண்டாவது சுடுறது திருட்டு, இந்த ரெண்டையும் தாங்கற ஒத்தை வார்த்தையை மூணு நாளா தேடறேன். நேத்து "ஃபயர்டு?"ன்னு மட்டும் கேட்டு இன்னொரு மெசேஜ் வந்துச்சு, பக்கத்துல கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு பொம்மை நாலு.