கோதுமையை நிறுத்தும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

"ரெண்டு மாசமா கோதுமையையே தொடல மேடம், வயிறு நல்லாயிடுச்சு. அப்போ எனக்கு குளூட்டன் ஆகாதுன்னுதானே அர்த்தம்?" வேலூரில் உணவு ஆலோசனை சொல்லும் என்னிடம் இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வயிறு சரியானது நல்லதுதான். ஆனால் கோதுமையை நிறுத்திவிட்டு வருகிறவருக்கு சீலியாக் நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது கடினம்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள புரதம். சீலியாக் இருப்பவர்களுக்கு அது உள்ளே போனதும் உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. அப்போது ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் டி.டி.ஜி - ஐ.ஜி.ஏ பரிசோதனை தேடுகிறது. கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரலாம். அப்புறம், குறைந்தது ஆறு வாரம் தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை கோதுமை சாப்பிட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். நிம்மதியாக இருக்கும் வயிற்றை மீண்டும் கெடுத்துக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? அதனால் முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம். கூடவே ரத்தத்தில் மொத்த ஐ.ஜி.ஏ (ஒரு வகை எதிர்ப்பொருள்) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைவாக உள்ளவர்களுக்கு முதல் பரிசோதனையை நம்ப முடியாது.

'அரிசி தின்கிற நமக்கு இதெல்லாம் ஏது?' என்பது பாதி உண்மை. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000 பேருக்கு மேல் பரிசோதித்தார்கள். சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு இருந்தது, தெற்கே 0.10 சதவீதம்தான். ஆனால் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு. வேறுபட்டது தட்டுதான்: வடக்கே ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். நம் தட்டும் இப்போது பழைய மாதிரி இல்லை. சுகர் என்று தெரிந்த அன்றைக்கே இரவுச் சோறு போய் சப்பாத்தி வந்துவிடுகிறது. நடுவில் பேக்கரி பப்ஸ், ராத்திரி பரோட்டா. எதிலும் சரியாகாத ரத்தசோகை, வளராத குழந்தை, டைப் 1 சர்க்கரை நோய், ரத்த உறவில் யாருக்காவது சீலியாக் என்றால் நம்மூர்க்காரர்களும் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

என்னிடம் வருகிற பெரும்பாலோருக்குக் காரணம் வேறாகத்தான் இருக்கிறது. சப்பாத்திக்கு மாறிய அதே வாரம் சுகருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையும் ஆரம்பித்திருப்பார்கள். அந்த மாத்திரைக்கே வயிறு கலக்கும், பழி மட்டும் சப்பாத்தி மேல் விழும். பிஸ்கட்டை நிறுத்தும்போது பால் டீயும் சேர்ந்து நின்றிருக்கும், உண்மையில் ஒத்துக்கொள்ளாதது பாலாக இருக்கும். இன்னொன்று, கோதுமையில் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்தும் உண்டு. உப்புசத்துக்குப் பல பேரிடம் அதுதான் காரணம். வெங்காயத்திலும் பூண்டிலும்கூட அது இருப்பதால், கோதுமையை விட்டும் உப்புசம் போகாதவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

பரிசோதனையில் சீலியாக் இல்லை, கோதுமை அலர்ஜியும் இல்லை என்று ஆன பிறகு, சந்தேகம் இருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் குளூட்டன் இல்லாமல் இருந்து பார்க்கலாம். அந்த நாட்களில் வேறு எதையும் மாற்றாதீர்கள். பால், மாத்திரை எல்லாம் பழையபடி இருக்கட்டும். சாப்பிட்டதையும் வயிறு இருந்த விதத்தையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். இதற்காக விலை கொடுத்து குளூட்டன் இல்லாத மாவு பாக்கெட் வாங்க வேண்டாம், நம் மாவட்டத்தில் அது வீண் செலவு என்பேன். இட்லி, தோசை, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சாமைச் சோறு எதிலும் குளூட்டன் இல்லை. ஆம்பூர் பிரியாணியும் அரிசிதான், தைரியமாகச் சாப்பிடலாம். ரவை, சேமியா, மைதா எல்லாமே கோதுமை. ஆற்காடு மக்கன் பேடாவிலும் மைதா உண்டு, வருத்தம்தான். மால்ட் பானங்கள், பார்லிக் கஞ்சி, சோயா சாஸ், கடைக் கூட்டுப் பெருங்காயம் ஆகியவற்றின் லேபிளைப் படித்துவிடுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

எடை குறைவது, மலத்தில் ரத்தம், தூக்கத்தில் எழுப்பும் பேதி, விடாத காய்ச்சல் இருந்தால் இந்தப் பத்தியம் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். குழந்தைகளுக்கும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

பலரும் தவிர்ப்பது கடைசிக் கட்டத்தை. வயிறு சரியானதும் அப்படியே இருந்துவிடுகிறார்கள். பரோட்டா, பப்ஸ், பிஸ்கட்டை நிறுத்தினால் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து குறைகிறது, வயிறு லேசாவதில் ஆச்சரியமில்லை. ஆகவே வாரங்கள் முடிந்ததும், வீட்டில் சுட்ட சப்பாத்தியைத் தினமும் இரண்டு என்று ஒரு வாரம் சாப்பிட்டுப் பாருங்கள். பழைய தொந்தரவு திரும்பவில்லையென்றால் கோதுமையின் மேல் குற்றமில்லை. திரும்பினால் அளவைக் குறைத்து, எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கலாம். சீலியாக் இல்லாதவருக்குச் சாம்பாரில் போடும் சிட்டிகைப் பெருங்காயத்தைப் பற்றிய கவலை வேண்டாம். சீலியாக் உறுதியானவருக்கு அந்தச் சிட்டிகையும், பரோட்டா போட்ட கல்லில் வார்த்த தோசையும்கூட ஆகாது.