டோடோ இல்லாமல் அந்த மரம் முளைக்காதா?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "சார், டோடோ பறவை தின்று கழித்தால்தான் நம் தீவின் தம்பலகோக் மரத்து விதை முளைக்குமாமே? அதனால்தான் மரமும் அழிகிறதாமே?" அவள் வயதில் நானும் அப்படியே நம்பினேன்.

1977-இல் அமெரிக்கப் பறவையியலர் ஸ்டான்லி டெம்பிள் எழுதியது அது. டோடோ 17-ஆம் நூற்றாண்டில் மறைந்தது; மிஞ்சிய 13 மரங்களும் 300 வயது தாண்டியவை என்றார். வான்கோழிகளுக்கு 17 கொட்டைகள் ஊட்டினார். 7 நொறுங்கின. மீதி 10-இல் 3 முளைத்தன.

சரி, அந்த மூன்றும் எதைக் காட்டின? பறவை வயிற்றுக்குள் போய்வந்த விதை முளைக்க முடியும் என்பதை. 'முடியும்' என்று சொல்ல ஒரு விதையே போதும். 'அது இல்லாமல் முடியாது' என்பது வேறு பேச்சு. அதற்கு வான்கோழி தொடாத விதைகளையும் பக்கத்தில் ஊன்றியிருக்க வேண்டும்; அவர் ஊன்றவில்லை. ஊன்றி, நூறு விதை முளைக்காமல் போனாலும் நூற்றியோராவது முளைத்தால் போச்சு.

பறவை தொடாமலே விதை அப்படி முளைத்ததை 1941-லேயே தாவரவியலர் ஆர்தர் ஹில் விவரித்திருந்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொட்டையின் ஓடு 15 மில்லிமீட்டர் வரை தடிமன். யாராவது அரைத்துத் தேய்த்தால்தான் உண்டு என்றே தோன்றும். ஆனால் அந்த ஓட்டில் நலிந்த கோடு ஒன்று ஓடுகிறது. உள்ளே பருப்பு உப்பும்போது மற்ற இடமெல்லாம் அப்படியே நிற்க, அந்தக் கோட்டில் மட்டும் ஓடு வெடித்து, ஒரு துண்டு மூடி போலக் கழன்றுவிடுகிறது. போத்தலில் நெருக்கி ஊறவைத்த கொண்டைக்கடலை மூடியைத் தள்ளுமே, அதே போல. உள்ளிருந்து திறக்கும் கதவு!

1979-இல் நம் வனத்துறையின் ஓவடாலியும், பறவை இல்லாமலே விதைகளை முளைக்க வைத்துவருவதாகப் பதில் எழுதினார். கதை பரவிய அளவுக்கு அந்தப் பதில் பரவவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையான வேலைக்குப் பணமும் பெயரும் கிடைக்காதது எனக்கு வருத்தம்தான். நானும் காவடி எடுக்கிறவன். ஆனால் காவடி எடுத்ததால்தான் பிள்ளை தேறினான் என்று சொல்லமாட்டேன். எடுக்காத வீட்டுப் பிள்ளைகளையும் எண்ண வேண்டுமே.

"அப்போ மரம் ஏன் சார் குறைந்தது?" என்றாள். குரங்குகள் பழங்களைப் பறித்து வீணாக்குகின்றன. சீனக் கொய்யாப் புதர் இளங்கன்றுகளை அமுக்குகிறது. எதன் பங்கு எவ்வளவு என்று அறிய, வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் கன்றுகளை எண்ண வேண்டும். பிளாக் ரிவர் கோர்ஜஸ் காட்டில் வேலியிட்டுக் களையெடுத்த நிலங்கள் இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் வகுப்பை அங்கே அழைத்துப் போகிறேன்.