எண்ணெய் வயல்களை உருவாக்கும் புவித்தட்டுகள்

நிலத்தடியில் எண்ணெய் ஏரியைப் போலத் தேங்கி நிற்பதில்லை. பாறைத் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகளில்தான் அது தங்கியிருக்கிறது. அதற்கு உயிர்ப்பொருள் செறிந்த மூலப்பாறை, துளைகளுள்ள தேக்கப்பாறை, கசிவைத் தடுக்கும் மூடுபாறை, எண்ணெயைச் சிக்கவைக்கும் பொறி ஆகிய நான்கும் வேண்டும். அவை சரியான வரிசையில் அமைவதும் அதே அளவுக்கு முக்கியம் என்பேன். பொறி உருவாகும் முன்பே எண்ணெய் புறப்பட்டுவிட்டால் அது மேலேறிச் சிதறிவிடும். அந்த வரிசையைப் பெரும்பாலும் புவித்தட்டுகளின் அசைவே வகுக்கிறது.

கண்டம் இழுபட்டுப் பிளக்கும்போது மேலோடு மெலிந்து தாழ்கிறது. அப்பள்ளத்தில் தேங்கும் ஏரியிலோ குறுகிய கடலிலோ அடிநீர் கலங்காமல் ஆக்சிஜன் குன்றுவதால், இறந்த பாசிகள் முழுவதும் சிதையாமல் சேற்றோடு படிகின்றன. மேலே வண்டல் குவியக் குவிய அந்தச் சேறு பாறையாக இறுகி, ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் எண்ணெயை ஈனுகிறது. வட கடலில் ஜுராசிக் காலப் பிளவு இப்படித்தான் மூலப்பாறைக்கு இடம் தந்தது. 1971-இல் கண்டறியப்பட்ட பிரென்ட் வயலின் பொறியும் அதே பிளவில் சாய்ந்த பாறைத் தொகுதிதான். பிரேசில் கரைக்கு அப்பாலோ, தென் அட்லாண்டிக் திறந்தபோது உருவான ஏரிப் படிவுகளின் மேல் தடித்த உப்புப் படுகை மூடியாக அமைந்தது.

சவூதி அரேபியாவின் கவார் வயல் இன்னும் வியப்புக்குரியது. ஏறத்தாழ 280 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்ட இது 1948-இல் கண்டறியப்பட்டது. ஜுராசிக் காலத்தில் அரேபியத் தட்டின் வடகிழக்கு, இன்று மறைந்துவிட்ட டெதிஸ் பெருங்கடலை நோக்கிய அமைதியான விளிம்பாக, ஆழமற்ற வெதுவெதுப்பான கடலால் மூடப்பட்டிருந்தது. அதன் சுண்ணாம்புப் பாறையில் சில இடங்களை உருப்பெருக்கியில் பார்த்தால், 2 மில்லிமீட்டருக்கும் சிறிய உருண்டை மணிகள் நெருக்கமாகக் குவிந்திருப்பதும் அவற்றினிடையே வெற்றிடம் இருப்பதும் தெரியும். எண்ணெய்க்கு இதைவிட நல்ல இருப்பிடம் அரிது. பின்னர் கடல்நீர் ஆவியாகிப் படிந்த அன்ஹைட்ரைட் (கால்சியம் சல்பேட் கனிமம்) அடுக்கு அதை மூடியது. அடியிலுள்ள பழைய பிளவுகள் மீண்டும் அசைந்து, மேலிருந்த அடுக்குகளை மிக மென்மையாக வளைத்தன. மூடியை உடைக்காமல் பொறியை மட்டும் தந்த அந்த மென்மையே கவாரின் தனிச்சிறப்பு என நினைக்கிறேன்.

எரிமலைத் தொடர்களை ஒட்டிய படுகைகளில் இத்தகைய வயல்கள் குறைவு. எரிமலைத் துகள்கள் எளிதில் சிதைந்து துளைகளை அடைத்துவிடுகின்றன.

அரேபியத் தட்டு யூரேசியாவோடு மோதிய ஈரானின் சாக்ரோஸ் மலைகளில் மடிப்புகளே பொறிகளாயின. மடிந்ததில் விரிசல் கண்ட சுண்ணாம்புப் பாறை எண்ணெயை வேகமாகக் கடத்துகிறது. அழுத்தத்தில் உடையாமல் நெகிழும் உப்பும் அன்ஹைட்ரைட்டும் அதை மூடுகின்றன. ஆனால் மோதல் இன்னும் ஓயவில்லை. மூடி கிழிந்த இடங்களில் எண்ணெய் நிலத்தின் மேல் கசிகிறது. 1908-இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெயைத் தொட்டவர்களுக்கு வழிகாட்டியவை அத்தகைய கசிவுகளே.